எட்டாவது கையெழுத்து

ஹிக்கரி ஃபோர்க், மிசௌரி
நவம்பர், நாலாவது சனிக்கிழமை

அன்பு மகள் லவீனாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் எழுத்துகள் வேலி தாண்டுகிற ஆடு மாதிரி மேலேயும் கீழேயும் போகின்றன. ஐம்பது வருடம் மர ஆலையில் இருந்த கை, இரண்டு விரல் சரியாக மடங்காது. காலையில் காப்பியோடு உட்கார்ந்தேன். இந்த வரிக்கு வருவதற்குள் காப்பி ஆறி, சூடாக்கி, மறுபடியும் ஆறிவிட்டது. நான் எழுதின வேகத்திலேயே நீயும் படி.

உன் பிறந்த நாளுக்கு அனுப்பின அட்டையில் நாலு வரிதான். இதுதான் கடிதம். எழுபத்து நாலு வயதில், பேத்தியிடம் எழுதப் படிக்கக் கற்று, முதல் கடிதம் எழுதுகிறவனுக்கு எவ்வளவு பெருமை இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். வழியில் இருக்கிற பலகைகளை எல்லாம் இப்போது விடாமல் படிக்கிறேன். டாயல் வீட்டு வாசலில் பதினாறு வருடமாக ஒரு பலகை தொங்குகிறதே, நாய் இருக்கிறது, உள்ளே வராதே என்றுதான் எழுதியிருக்கும் என்று நினைத்திருந்தேன். முட்டை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது, லவீனா. பதினாறு வருடம் அந்த வாசலைத் தாண்டி மூன்று மைல் போய் முட்டை வாங்கி வந்திருக்கிறேன். டாயலிடம் சொன்னேன். அவன் வண்டிமேல் சாய்ந்து சிரித்தான். "நான்கூட உனக்கு என் கோழி மேல ஏதோ கோவம்னு நெனச்சேன் எல்பர்ட்டு" என்றான்.

சந்தோஷத்தை எழுதியாயிற்று. இனி எழுதுவது வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண் கெசியா உன்னிடம் போனில், "கூட்டமெல்லாம் நல்லா நடக்குதும்மா" என்று சொன்னாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது பொய் இல்லை. கூட்டம் நடக்கிறது. ஆனால் அவள் இப்போது அதற்குத் தலைவி இல்லை. மூன்று வெள்ளிக்கிழமையாக அங்கே போவதும் இல்லை. அவளை இறக்கின தாளில் எட்டுக் கையெழுத்து. எட்டாவது என்னுடையது. இதை உனக்கு யாரும் சொல்லப் போவதில்லை. அதனால் நான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அலாஸ்காவுக்கு வேலைக்குப் போனபோது அவளுக்குப் பதினாலு. முதல் வருடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீ அனுப்பின புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவாள். எந்த நாள் எந்தப் பாடம் என்று தாளில் எழுதி ஐஸ்பெட்டிமேல் ஒட்டுவாள். தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்வாள், தானே திருத்துவாள். தனக்கே மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுக்கொள்வாள். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் இந்த வசந்த காலத்தில் ஒரு நாள் பீன்ஸ் உரித்துக்கொண்டே சொன்னாள், "தாத்தா, இந்த மாசம் என் வயசுக்காரங்க எத்தனை பேர்கிட்ட பேசினேன் தெரியுமா? ஒரே ஒருத்திகிட்ட. அதுவும் பல் டாக்டர் வீட்ல. ரெண்டு பேருக்கும் வாய் மரத்துப் போயிருந்துச்சு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுச் சமையல் மேசையும் ஒரு பள்ளிக்கூடம். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறது என்பதே தெரியாது. மறுவாரம் தீவனக் கடைச் சுவரில் அவள் ஒரு காகிதம் ஒட்டினாள். பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்காகப் பிள்ளைகளே நடத்தும் சங்கம், வெள்ளிக்கிழமை இரண்டு மணி, தீயணைப்பு நிலையக் கொட்டகை. பெரியவர்கள் வரலாம், பேசக் கூடாது. கொட்டகையைக் கொடுக்கிறவர்கள் பொறுப்புக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்றார்களாம். "நீங்க வந்து சும்மா உக்காருங்க தாத்தா. அது உங்களுக்கு நல்லாவே வரும்" என்றாள்.

பதினோரு குடும்பம் வந்தது, இருபத்து மூன்று பிள்ளைகள். முதல் வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டுமே! புதுத் தொழுவத்தில் விட்ட கன்றுகள் மாதிரி நின்றார்கள். பேர் என்ன என்று கேட்டால்கூட ஒவ்வொன்றும் தன் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லிற்று. கெசியா அதைக் கவனித்தாள். அடுத்த வாரம் பெரியவர்களின் நாற்காலிகளை எல்லாம் பிள்ளைகளின் முதுகுப் பக்கம், பின்சுவரை ஒட்டிப் போட்டாள். விதியும் எழுதினாள். சுவரோரம் இருக்கிறவர்கள் அனுமதி இல்லாமல் வாயைத் திறந்தால், அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்ட பாத்திரத்தை எல்லாம் அவர்கள்தான் கழுவ வேண்டும். பிள்ளைகள் கை தட்டி அதை நிறைவேற்றினார்கள். பெரியவர்களும் சிரித்துக்கொண்டேதான் கை தட்டினோம்.

இன்னொரு விதியையும் அவளேதான் எழுதினாள். சங்கத்தின் விதி எதையாவது மாற்ற வேண்டும் என்றால், பதினோரு குடும்பத்தில் எட்டுக் குடும்பத்தின் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். எதற்கு இது என்று கேட்டேன். "நாங்க ஏதாவது முட்டாள்தனம் பண்ணினா அவங்க உள்ள வர ஒரு கதவு வேணும்ல" என்றாள். அந்தக் கதவை அவள் கையாலேயே வைத்தாள்.

அப்புறம் நடந்ததை எல்லாம் நீ பார்த்திருக்க வேண்டும். டாயலின் கடைசிப் பெண், கடைக்குப் போனால் அப்பன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், தேனீயைப் பற்றிப் பேச எழுந்து நாற்பது நிமிடம் பேசினாள். கெசியா தலைவிக்கான மரச்சுத்தியலை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தும் நிறுத்தவில்லை. அடுத்த வசந்தம் வந்ததும் எல்லாரும் ஆற்றில் படகு விடுவது என்று ஓட்டுப் போட்டார்கள். யார் கூடாரம் கொண்டுவருவது, யார் சமைப்பது, எல்லாம் அவர்களே பேசி முடிவு செய்தார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நிற்கிற நிற்பு உன்னுடையது. இடுப்பில் ஒரு கை.

மார்வா டென்னிசனை உனக்குத் தெரியும். அவள் மூத்த பெண் லிடியா சங்கத்தில் செயலாளர், கெசியாவுக்கு நல்ல சிநேகிதி. மார்வாவுக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாது. செப்டம்பரில் ஒரு தடவை பேசிவிட்டாள். பாத்திரம் கழுவினாள், சிரித்துக்கொண்டே கழுவினாள். அக்டோபரில் மான்கறி சில்லிக் குழம்பு விருந்து வைத்தோம். அன்றைக்கும் லிடியா ஏதோ சொல்லும்போது எழுந்து திருத்தினாள். அடி பிடித்த நாலு பெரிய பானை. எல்லாரும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகும் அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு வயசுப் பொண்ணு எனக்கு வேலை சொல்லுது" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து நான் தீவனக் கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தேன். மார்வா பக்கத்தில் வந்தாள். "பிரதர் எல்பர்ட், சங்கத்து விதியெல்லாம் கொஞ்சம் ஒழுங்கு பண்றோம். பிள்ளைங்க பாதுகாப்புக்குத்தான். உங்க வீட்டுக்கு நீங்கதானே பெரியவர். இப்பதான் உங்களுக்குப் படிக்க வருமே, படிச்சுப் பாத்துட்டே போடுங்க" என்று இரண்டு பக்கத் தாளை நீட்டினாள்.

லவீனா, உனக்குத் தெரியும், ஐம்பது வருடம் யார் தாளை நீட்டினாலும் நான் ஒன்றுதான் சொல்லுவேன். கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. ஆலையில், வங்கியில், உன் அம்மாவின் ஆஸ்பத்திரியில்கூட அதைச் சொல்லியே தப்பித்தேன். அன்றைக்கும் அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் கடை முழுவதும் எனக்குப் படிப்பு வந்த கதை தெரியும். பின்னால் மூன்று பேர். ஒருத்தன், "எல்பர்ட்டு வக்கீலாயிட்டாருப்பா. சீக்கிரம் படிய்யா, என் கோழியெல்லாம் பட்டினி கெடக்குது" என்றான்.

நான் விரலை வைத்துத்தான் படிப்பேன். அந்தத் தாளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதல் வரியைப் படித்தேன். எங்கள் வெள்ளிக்கிழமைச் சங்கத்தின் நன்மைக்காக என்று இருந்தது. நல்ல வரி. அதற்குக் கீழே படிக்கவில்லை. படிக்கிறவர்கள் கண் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே. கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். மனசுக்குள் அறுபது எண்ணினேன். பக்கத்தைப் புரட்டினேன். மறுபடியும் அறுபது. தலையை ஆட்டினேன். பேனாவை வாங்கி, கெசியா சொல்லிக்கொடுத்தபடி, ஒரு எழுத்தும் கோட்டை விட்டு இறங்காமல் என் பேரை எழுதினேன். மார்வா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். "அழகா எழுதுறீங்க பிரதர்" என்றாள். வீடு வரைக்கும் நான் அந்தச் சொல்லோடு போனேன். படிக்கவே தெரியாதவனாக இருந்திருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை லிடியாதான் தாளைப் படித்தாள். செயலாளர் என்பதால் அவள்தான் படிக்க வேண்டும். பொறுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு, அதே வீட்டில் கூடவே இருந்து பாடம் சொல்லித்தரும் தாயோ தகப்பனோ இருக்க வேண்டும், இல்லாதவர்கள் பொறுப்பை விட்டுவிட வேண்டும். பதினோரு குடும்பத்தில் அப்படி இல்லாத வீடு ஒன்றுதான். பிறகு பேர்களைப் படித்தாள். ஏழு பேர் படித்தாள். எட்டாவதுக்கு வந்ததும் நிறுத்தி, தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் பேரைச் சொன்னாள். சத்தமே வரவில்லை. கெசியா, "கேக்கல, திரும்பப் படி" என்றாள். லிடியா திரும்பப் படித்தாள்.

நான் எழுந்துவிட்டேன். "கெசியா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் திரும்பவில்லை. "சுவரோரம் இருக்கிறவங்க பேசக் கூடாது தாத்தா" என்றாள். பிறகு, "எட்டு கையெழுத்து இருக்கு. விதி மாறிடுச்சு" என்று சுத்தியலைத் தட்டி, அதை லிடியாவின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகப் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் யார் வள்ளிக்கிழங்குப் பணியாரம் கொண்டுவருவது என்ற பேச்சு வந்தபோது கையைத் தூக்கினாள்கூட.

நான் பேசிவிட்டேன் அல்லவா, பாத்திரம் கழுவினேன். மார்வா துணி எடுத்துக்கொண்டு துடைக்க வந்தாள். "மனசுல வச்சுக்காதீங்க பிரதர். அவ நல்லவதான். ஆனா அந்தப் பொண்ணு தன்னைத் தானே வளத்துக்கிட்டு இருக்கு. ஊர்ல நாலு பேர் கேட்டா எல்லார் வீட்டுக்கும்தானே கெட்ட பேரு?" என்றாள். நான், "அப்ப அந்த வீட்ல நான் யாரு? விறகா?" என்றேன். அவள் ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தாள். "நீங்களும்தானே போட்டீங்க" என்றாள்.

திரும்பும்போது கெசியாதான் வண்டி ஓட்டினாள். பாதி வழி வந்தோம். பிறகு, "படிச்சிட்டுத்தான் போட்டீங்களா தாத்தா?" என்று கேட்டாள்.

படித்தேன் என்றேன்.

"ரெண்டு பக்கமுமா?"

இரண்டு பக்கமும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். இரண்டு குளிர்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். படிக்காமல் போட்டேன் என்றால் அவள் உழைப்பெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும், அவள் மனசு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. அவள் முன்னாலும் தீவனக் கடையில் நின்ற மாதிரியே நின்றேன். வெட்கம்தான். என் பேத்தி என்னைத் துரோகி என்று நினைத்தாலும் நினைக்கட்டும், தற்குறி என்று நினைக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான்.

அவள் சண்டை போடவில்லை. பாலம் தாண்டினதும், "கையெழுத்து நேரா வந்திருக்கு தாத்தா" என்றாள். அவ்வளவுதான். இப்போது எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். வாசிக்க மட்டும் பக்கத்தில் உட்காருவதில்லை. பணியாரம் செய்து லிடியா கையில் கொடுத்து அனுப்பினாள், தான் போகவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஜியாமெட்ரி புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறாள். தாத்தாவும் அப்படித்தான் நினைக்கிறார், நம் வீடு ஒரு வீடே இல்லை என்று. அவள் மனசில் ஓடுவது இதுவாகத்தான் இருக்கும்.

மார்வாவிடம் அந்தத் தாளின் நகல் ஒன்று கேட்டு வாங்கினேன். நம் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, விரலை வைத்து, இரண்டு நாள் படித்தேன். யார் உதவியும் இல்லாமல் இரண்டு பக்கம் முழுதாக நான் படித்து முடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள்தான் இருக்கிறாள். அவளிடம் சொல்ல முடியாது.

படித்ததில் ஒன்று சொல்லுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தத் தாளில் நம் வீட்டைப் பற்றி எழுதியிருப்பது பொய்யாக இருந்திருந்தால் நான் மார்வா வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருப்பேன். பொய்யைத் தேடித் தேடிப் படித்தேன். இல்லை. ஒரு சீசன் மீன் ஆலையில் வேலை, பனி உருகினதும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். வருடத்துக்கு இரண்டு என்று இது ஐந்தாவது சீசன். பெட்டி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது. நீ அலாஸ்காவில் சும்மா இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உன் கை என் கையைவிட மோசமாக வெடித்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் உன்னிடம் 'எல்லாம் நல்லா இருக்கும்மா' என்று சொல்லும்போது, நீ ஏன் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை? நானும் அப்படித்தான் முதல் வரியோடு நிறுத்தினேன்.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை விதிகளை மறுபடியும் எடுத்துப் பேசுவார்களாம். நாற்காலி எனக்கு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு எழுந்து பேசப் போகிறேன். எத்தனை பானை என்றாலும் கழுவிக்கொள்கிறேன். அந்தச் சுவரோரத்தில் இன்னொரு நாற்காலி போடவும் இடம் இருக்கிறது. நீ வர வேண்டும் என்று நான் எழுதவில்லை. தேதியை எழுதியிருக்கிறேன்.

உன் ஆலையின் முகவரி கெசியாவின் நோட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து உறைமேல் எழுத இப்போது என்னால் முடியும். எழுதப் போவதில்லை. இந்தத் தாள்களை உறையில் போட்டு, ஒட்டாமல், அவள் ஜியாமெட்ரி புத்தகத்தின்மேல் வைக்கப் போகிறேன். பிழை இருந்தால் திருத்தி, அம்மா முகவரி எழுதித் தபாலில் சேர்த்துவிடு என்று ஒரு துண்டுச் சீட்டும் வைப்பேன். வண்டியில் கேட்ட கேள்விக்கு வாயால் சொல்ல மூன்று வாரமாக எனக்குத் தைரியம் வரவில்லை. இதில் சொல்லியிருக்கிறேன். அவள் பார்க்காமல் ஒட்டுகிற பெண் இல்லை. ஆகவே இது உன் கைக்கு வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள். எங்கேயாவது சிவப்பு மையில் திருத்தம் இருந்தால், கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள். ஒரு திருத்தமும் இல்லாமல் வந்தால் எனக்கு உடனே போன் பண்ணிச் சொல்.

கடவுள் உன்னை அந்தக் குளிரிலும் இருட்டிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும். கையுறை இல்லாமல் வேலை செய்யாதே. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளா இல்லையா என்பதை, எதுவானாலும், உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

மேலே இருப்பது முழுவதையும், எல்லாப் பக்கத்தையும், விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அப்பா,
எல்பர்ட் கிரைடர்